குழல்வாயில் எதைப் பூட்டுவது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது அவர்களே கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படிக்கிறார்கள் என்று அறிந்து மனம் குளிர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீடு சற்று வெறிச்சோடித்தான் கிடக்கிறது.

டெக்சாஸில் நீ நெடுந்தூரம் சுடும் .338 லாபுவா மேக்னம் ரைபிள் வாங்கியிருக்கும் செய்தியை மூன்று முறை படித்தேன். கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் .22 ரைபிளுக்குப் பின்னால் மணல்மூட்டைமேல் படுத்திருந்த நாம் இருவரும், நாற்பது வயதுக்குப் பிறகு வேறொரு கண்டத்தில் இதே பித்தில் மறுபடி மாட்டிக்கொண்டோம் என்பதில் எனக்குச் சொல்லமுடியாத மகிழ்ச்சி.

குழல்வாயில் திருகி மாட்டும் மஸில் பிரேக்குகளில் எது, சுடும்போது தோளில் விழும் பின்னுதைப்பை அதிகமாகக் குறைக்கும் என்று கேட்டிருக்கிறாய். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள். உன் ரைபிள் ஏழு கிலோவுக்கு அருகில் இருக்கும். பிரேக் இல்லாமலேயே அந்த உதையைத் தோள் தாங்கிவிடும். தாங்காதது கண்தான். ஆயிரம் கெஜத்துக்கு உன் குண்டு ஏறக்குறைய ஒன்றரை நொடியில் போய்ச் சேரும். ஒரு மைலுக்கு மூன்று நொடி. அதற்குள் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இலக்கின்மேல் திரும்பியிருந்தால்தான் குண்டு விழுந்த இடத்தில் எழும் புழுதியை நீயே பார்ப்பாய். காற்றை எவ்வளவு தவறாகக் கணித்தாய் என்று சொல்ல அதைவிட நல்ல ஆசான் இல்லை. ஆகவே, சுட்ட பிறகும் இலக்கை உன் கண்ணில் வைத்திருக்கும் பிரேக் எதுவோ அதைத் தேடு.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம். 300 கிரெய்ன் குண்டு 19.4 கிராம், நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் பின்னால் வெடிமருந்து 90 கிரெய்ன், அதாவது ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த மருந்து வாயுவாகிக் குழலைவிட்டு வெளியேறும் வேகம் குண்டின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு. நிறையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் மொத்த உந்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவுடையது. பிரேக்கின் கை படுவது அந்தப் பங்கில் மட்டும்தான். முன்னோக்கிப் பாயும் வாயுவைப் பிரேக்கிலுள்ள தடுப்புத் தட்டுகளில் மோதவிட்டுப் பக்கவாட்டில் திருப்பினால் உதை குறைகிறது. இன்னும் கொஞ்சம் பின்னோக்கித் திருப்பினால் வாயு ரைபிளை முன்னால் இழுக்கிறது. பாரெட் எம்82 துப்பாக்கியின் நுனியில் அம்புமுனைபோல் ஒன்றைப் பார்த்திருப்பாய். அது செய்வது இதைத்தான். .50 தோட்டாவை ஒரு மனிதன் தோளில் வைத்துச் சுட முடிவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பின்னால் வரும் வாயு உன் முகத்துக்கும் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும்தான் வருகிறது.

வாயு வெளியேறும் துளைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைப் பார்க்காமல் வாங்காதே. சுற்றிலும் துளையிட்ட உருளை மலிவாகக் கிடைக்கும், திருகுவதும் எளிது. நீயோ குப்புறப் படுத்துச் சுடுபவன். கீழ்த்துளை ஒன்று இருந்தாலும் தரையிலிருந்து எழும் மண் உன் ஸ்கோப்பை மறைத்துவிடும். பார்க்கவேண்டிய புழுதிக்குப் பதில் உன் புழுதியைத்தான் பார்ப்பாய். பக்கவாட்டுத் துளைகளும் மேலே ஓரிரு சிறு துளைகளும் உள்ளதை வாங்கு. மேல்துளை குழல் எழும்புவதை அடக்கும். வலத்தோளில் வைத்துச் சுடும் என் ரைபிள் எப்போதும் மேலும் வலமுமாகத்தான் துள்ளியது. பிரேக்கை வலப்புறம் சில பாகை திருப்பி, பின்நட்டை இறுக்கினேன். அந்தத் துள்ளல் நின்றது. அப்படித் திருப்பி இறுக்க வசதியாக நட் உள்ளதையே கேள். ஏரியா 419 நிறுவனத்தின் ஹெல்ஃபயர் அப்படிப்பட்டது, என்னிடம் உள்ளதும் அதுதான்.

இனி நான் பட்ட பாடு. என் முதல் ரைபிளுக்கு ஒருவர் மரை வெட்டிக் கொடுத்தார். கடைசல் இயந்திரத்தில் குழலின் வெளிப்பரப்பை மையமாகப் பிடித்தாரே தவிர, உள்துளையைப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே மையத்தில் இருக்கும் என்று எந்தக் குழலிலும் நம்பக்கூடாது. அறுநூறு கெஜத்தில் என் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறின. இரண்டு மாதம் மருந்தின் அளவையும் குண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு மாலை பிரேக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது கடைசித் தட்டின் விளிம்பில் செம்பு பூசியிருந்தது. குண்டு ஒவ்வொரு முறையும் அங்கே உரசிக்கொண்டு போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் விலகியிருந்தால் தட்டே பிய்ந்து பறந்திருக்கும். அதனால் சொல்கிறேன்: உன் குண்டின் விட்டம் 8.6 மில்லிமீட்டர், பிரேக்கில் குண்டு செல்லும் துளை அதைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். மாட்டியதும் தோட்டா இல்லாத குழலுக்குள் நேர்க்கம்பியை விட்டு, நுனித்துளையின் நடுவில் வருகிறதா என்று பார்த்த பிறகே முதல் குண்டைச் சுடு. பிரேக் ஏறியபின் குண்டு விழும் இடம் நகரும். ஸ்கோப்பை மறுபடி சரிசெய்.

காதைப் பற்றிக் கேட்கவே இல்லை நீ. எனக்கு அதுதான் கவலை. திடீர் ஓசைக்கு 140 டெசிபல்தான் எல்லை. உன் ரைபிள் பிரேக் இல்லாமலேயே 160-ஐத் தாண்டும். பிரேக் அந்த வெடிப்பை உன் பக்கமே திருப்புகிறது. வலக்கைக்காரனுக்கு இடக்காது குழல்வாய்க்கு நெருக்கம். என் இடக்காதில் இரவு அமைதியில் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அது இனிப் போகாது. நுரைக் காதடைப்பானும் அதன்மேல் காதுக்கவசமும், இரண்டும் சேர்த்து, ஒரே ஒரு குண்டு சுடுவதாக இருந்தாலும் அணிந்துகொள். வரிசையில் பக்கத்தில் படுப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சுடு.

ஒலியடக்கி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்பாய். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் இல்லை. பதிவு இன்னும் செய்யத்தான் வேண்டும். நல்ல வழிதான். ஆனால் சில குண்டுகளிலேயே சூடேறிக் கானல் எழுந்து ஸ்கோப்பின்முன் ஆடும், துப்பாக்கியின் நீளமும் கூடும். முதல் ஆண்டு பிரேக்கோடு பழகு. படுத்தபடி நெடுந்தூர இலக்கைச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் பிரேக்குக்கு இடமில்லை என்பதால், மரைக்கு ஒரு மூடியும் வாங்கி வைத்துக்கொள்.

அக்டோபரில் நியூ மெக்சிகோவின் ராட்டோனுக்கு, விட்டிங்டன் சென்டர் சுடுதளத்துக்குப் போகிறேன். கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் குண்டு இறங்குவது குறைவாக இருக்கும், உன் ஊரில் போட்ட குண்டிறக்க அட்டவணை அங்கே செல்லாது. நீயும் வா. உன் குழலின் மரை என்ன என்று அளந்து எழுது. முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்றால் என் பிரேக்கையே முதலில் உன் ரைபிளில் மாட்டிப் பார்த்துவிடலாம். அதுவரை கடைக்குப் போகாதே.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய முகாம் தோழன்