மழைக்கால மோட்டார் சோதனை: மெக்கர் வைக்கும் முன்பு படிக்கவும்

நண்பர்களுக்கு வணக்கம். மழை தொடங்கியாச்சு, ஈரமேறிய மோட்டார்களைப் பார்க்க அழைப்பு வரும். மெக்கர் (மோட்டாரின் மின்காப்பு, அதாவது இன்சுலேஷன், நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) எடுப்பவர்கள் எல்லாரும் இதை முழுதாகப் படியுங்கள்.

மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சப்ளை இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மெக்கரின் லீடை, அதாவது சோதனை வயரை, பொருத்துங்கள். 415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் டிசி ரேஞ்ச் போதும். டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), கெபாசிட்டர் இருந்தால் கட்டாயம் கழற்றிவிடுங்கள். டிரைவோடு சேர்த்து மெக்கர் வைத்தால் உள்ளே இருக்கும் பாகங்கள் போய்விடும்.

ரீடிங்கை ஒரு நிமிடம் கழித்துக் குறியுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மோட்டாரை ஓட்ட வேண்டாம், காயவைத்து மறுபடி பாருங்கள். வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) சூடு சுமார் 10 டிகிரி ஏறினால் ரீடிங் பாதியாகும், அதனால் சூட்டையும் எழுதுங்கள்.

பலரும் விட்டுவிடுவது டிஸ்சார்ஜ்தான். நீர்மூழ்கி மோட்டாரின் நீளமான கேபிள், சோதனை முடிந்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஷாக்கில் கை உதறிக் கிணற்றோரத்தில் தடுமாறினால் என்ன ஆகும்? ஒரு நிமிடம் சோதித்தால் குறைந்தது 4 நிமிடமாவது எர்த் செய்து வையுங்கள். டிஜிட்டல் மெக்கர் பெரும்பாலும் தானே டிஸ்சார்ஜ் செய்யும், ஆனாலும் திரையில் வோல்ட் பூஜ்யம் ஆகும்வரை லீடை எடுக்காதீர்கள்.

அப்புறம், கேபிளின் மறுமுனையில் ஒரு ஆளை நிறுத்தி, யாரும் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகப் போகிறவர்கள் குழுவில் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் துணைக்கு வரட்டும்.