மறுவாழ்வு மருத்துவத்தையும் படிக்கலாமே

ஆசிரியருக்கு,

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மேற்படிப்புக்குத் துறை தேர்ந்தெடுக்கும்போது, மறுவாழ்வு மருத்துவம் (எம்.டி. பி.எம்.ஆர்.) பலரின் பட்டியலில் கடைசியில்தான் வருகிறது. 3 ஆண்டுப் படிப்பு. 'பிசியோதெரபிதானே, அதற்கு எதற்கு டாக்டர்?' என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். பிசியோதெரபி செய்யும் இயன்முறை மருத்துவரின் பணி பெரியது, ஆனால் அது வேறு. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் சொன்னபடி கேட்காது. சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் கெடாமல் காப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, பக்கவாதத்தில் இறுகிய தசைக்கு ஊசி போட்டுத் தளர்த்துவது, எந்தச் செயற்கைக் கால் பொருந்தும் என்று முடிவு செய்வது எல்லாம் மறுவாழ்வு மருத்துவரின் வேலை.

வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸை இன்றைய மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் இத்துறையை உருவாக்கினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்த நோயாளி எப்படிக் குளிப்பார், எப்படி வேலைக்குப் போவார் என்று கேட்கும் துறை இது. மாவட்ட அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இதற்கென நிரந்தரப் பணியிடம் வேண்டும். வேலை உறுதி என்றால் மாணவர்கள் தாமாக வருவார்கள். உங்கள் கல்விப் பக்கத்தில் இந்தப் படிப்பைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

– ஒரு வாசகர், வேலூர்