தங்க முக்கோணத்தோடு திரும்பிவிடாதீர்கள்

வடக்குத் தாய்லாந்துக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சியாங் ராய் என்றால் உங்கள் பட்டியலில் வெள்ளைக் கோயில், நீலக் கோயில், கடைசியில் தங்க முக்கோணம். சோப் ருவாக் கரையில் வேனை நிறுத்தி, பெரிய தங்கப் புத்தர் முன்னால் ஒரு படம், தாய்லாந்து, மியான்மர், லாவோஸ் மூன்று நாடும் தெரிகிற இடத்தில் இன்னொன்று, அப்புறம் படகுச் சவாரி. நான் சேர்ந்து போன குழுவிலும் இதேதான். "பக்கத்தில் சியாங் சேன் என்ற பழைய ஊர் இருக்கிறதே?" என்று கேட்டதற்கு, "அங்கே வெறும் செங்கல்தான் சார்" என்றார் வழிகாட்டி.

ருவாக் ஆறு மேகாங்கில் கலக்கும் அந்த முனை பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அது சியாங் சேன் மாவட்டத்தின் ஒரு மூலை. மாவட்டம் என்றதும் நம் ஊர் அளவை நினைக்க வேண்டாம். அங்கே 'அம்போ' என்பது மாகாணத்துக்குக் கீழே, ஏறக்குறைய நம் தாலுகா. அதன் தலைநகரான சியாங் சேன், முனையிலிருந்து ஆற்றோடு சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.

வடக்குத் தாய்லாந்தின் பழைய லன்னா அரசை நிறுவிய மங்ராயின் பேரன் சேன் பூ, 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை நகரம் அது. மூன்று பக்கம் மதிலும் அகழியும். நாலாவது பக்கம் மேகாங். 1558இல் லன்னா பர்மியர் கைக்குப் போனது. சியாங் மாயை இழந்த பிறகும் அவர்கள் இங்கே ஊன்றி நின்றார்கள். 1804இல் சியாம் (இன்றைய தாய்லாந்து) தரப்புப் படைகள், சியாங் மாயின் ஆட்சியாளர் காவிலாவும் சேர்ந்து, ஊரைப் பிடித்துக் கொளுத்தின. எரித்ததோடு விடவில்லை. குடிகளைப் பங்கு பிரித்துக் கொண்டுபோனார்கள். சிலர் சியாங் மாய்க்கு, சிலர் 'நான்' என்ற ஊருக்கு, இன்னும் சிலர் பாங்காக் பக்கத்து சரபுரிக்கும் ராட்சபுரிக்கும். ராட்சபுரியில் அவர்கள் வம்சத்தார் நெய்யும் துணிக்கு இன்றும் தனிப் பேர் உண்டு.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் காடாகக் கிடந்தது. சியாம் மன்னர் சுலாலோங்கோர்ன் காலத்தில்தான் மறுபடி ஆட்களைக் குடியேற்றினார்கள். நிர்வாகத்தில் அது எழுந்து நிற்க இன்னும் நாளானது: 'சியாங் சேன் மாவட்டம்' என்ற பெயரையே ஒரு காலம் பக்கத்து மாவட்டமான இன்றைய மே சான் வைத்திருந்தது. இந்த ஊர் முழு மாவட்டமானது 1957இல்.

இடிபாட்டின் நடுவே குடியேறியவர்கள் ஆகையால், இன்றும் வீட்டுக்குப் பின்னால் செங்கல் தூபி நிற்கிறது. மேற்கு மதிலுக்கு வெளியே தேக்கு மரங்களுக்கு இடையில் வாட் பா சாக் கோயில். அதன் தூபி மாடங்களில் நிற்கும் புத்தர்களையும் சுதை வேலையையும் கிட்டப் போய்ப் பார்த்தால் 'வெறும் செங்கல்' என்று சொல்ல வாய் வராது.

நான் கேட்பது அரை நாள். ஆற்றங்கரைக் கடையிலேயே மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். வாட் சேதி லுவாங் பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகமும் இருக்கிறது. திங்கள், செவ்வாயில் அதற்கு விடுமுறை. தேதி குறிக்கும்போது அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயணிகளில் ஒருவன்