ஐப்பசி மழையும் நீ அனுப்பிய கருப்பட்டியும்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இரண்டு ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை கூடியிருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடையிலிருந்து நீ அனுப்பிய கருப்பட்டி வந்தது. நம்ம சபை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு ஓலைப்பெட்டியை வைத்தோம். உன் பேரைச் சொன்னதும் பெரிய அத்தான் விடாமல் ஏற்றிக் கேட்டு எடுத்தார். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து உடன்குடிக் கருப்பட்டி என்றாலே தனி மரியாதைதான். உன் லேபிளில் ஊர்ப் பேரைப் பார்த்துவிட்டு அப்பா அதைக் கிழித்து டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

மீதியைப் பானையில் போட்டு வைத்தேன். இந்த ஐப்பசி மழைக்கு வீட்டில் உப்பே தண்ணீராய் ஓடுகிறது, கருப்பட்டி மட்டும் கசியவே இல்லை. ஒரு வட்டை உடைத்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது, சீனி சேர்ந்ததுபோல. காப்பி போட்டுக் கொடுத்தால் அப்பா பாதி டம்ளரோடு வைத்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. உனக்குச் சரக்கு போடுகிறவர்கள் யாரோ, எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை விசாரித்துப் பார்.

விசாரிப்பாயா என்பதுதான் என் கவலை. யார் மனமும் கோணக் கூடாது உனக்கு. விலையைக் குறைக்காவிட்டால் வேறு கடைக்குப் போகிறேன் என்று ஒரு ஆள் சொன்னால் ராத்திரி தூங்க மாட்டாய். பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தேறும், அவ்வளவுதான். அதற்குக் காலையும் சாயங்காலமும் ஒருத்தர் பனையேற வேண்டும். விறகுச் செலவு வேறு. அதைப் போய்ச் சீனி விலைக்குக் கேட்டால் சீனியைத்தான் கொடுக்க முடியும்.

மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரன் அல்லவே என்று பவுல் எழுதினது குருவானவருக்கு மட்டுமா? கல்லாவில் உட்காருகிறவனுக்கும்தான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று தாத்தா கடையில் மாட்டியிருந்ததை நீதான் எழுத்துக்கூட்டி வாசிப்பாய். உன் தராசில் குறை இருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தட்டில் இருக்கிற பண்டத்தையும் சேர்த்துத்தானே தம்பி கர்த்தர் பார்க்கிறார்? வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்ட வாங்கிப் போகிறார்கள். உடைத்துப் பார்த்தா வாங்குகிறார்கள்? உன் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சரக்கு போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன். சீனி கலந்தது என்றால் கலந்தது என்று லேபிளில் போட்டு, அந்த விலைக்கு விற்றுவிடு. நாலு பேர் போவார்கள், போகட்டும். சுத்தமான சரக்கு வேண்டுமானால் நம்ம விளைக்குப் பக்கத்திலேயே காய்ச்சுகிறார்கள். சீசனுக்கு முந்தியே அட்வான்ஸ் கேட்பார்கள். கைமுடை என்றால் என் செயின் பீரோவில் சும்மாத்தான் கிடக்கிறது. கடன்காரன் முகத்துக்குப் பயந்து எதற்கும் தலையாட்டாதே. விசாரி தம்பி. மறக்காமல் விசாரி.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கென்று நீ அனுப்பிய தசமபாகத்தை இன்னும் காணிக்கைப் பையில் போடவில்லை. கவரோடு என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. சரக்கு விவரம் உன் வாயால் தெரிந்த பிறகு போடலாம் என்று அப்பாவும் சொல்கிறார்.

இப்படிக்கு,
அம்மா