கொளத்தூர்க்காரர்கள் காணாமல் போன கதை

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருப்பதாகவும், ஒரு சரத்துக்குள், அதாவது எழுத்துத் தொடருக்குள், ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுவதெல்லாம் அரைமணி நேரப் பாடம் என்றும் எழுதியிருந்தாய். சென்ற மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் தெருப் படிப்பகத்தின் உறுப்பினர் பட்டியலைப் பகுதிவாரியாகப் பிரித்துத் தரும் வேலை என் தலையில் விழுந்தது. முகவரியில் 'அயனாவரம்' இருக்கிறதா, 'கொளத்தூர்' இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்கும் சிறிய நிரலை எழுதி ஓட்டினேன். அயனாவரத்துக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள். கொளத்தூர்க்காரர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. ஃபைண்ட் என்ற தேடல் கட்டளை செய்யும் வழக்கமான குளறுபடியாக இருக்குமோ என்றால் அதுவும் இல்லை. தேடிய சொல் சரத்தின் தொடக்கத்திலேயே கிடைத்தால் அது 0 என்றும், கிடைக்காவிட்டால் -1 என்றும் விடை தரும். பைத்தானுக்கு 0 என்றால் பொய், மற்ற எண்கள் மெய்; அந்த விடையை அப்படியே இஃப் நிபந்தனையில் போட்டால் தொடக்கத்தில் கிடைத்தது பொய்யாகவும் கிடைக்காதது மெய்யாகவும் ஆகிவிடும். அதில் முன்பே அடிபட்டவன் என்பதால் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் 'இன்' தான் எழுதியிருந்தேன்.

கோயம்பேடும் கோடம்பாக்கமும் அதேபோலக் குறைந்து வர, வில்லிவாக்கம் மட்டும் முழுதாக வந்தபோதுதான் பொறி தட்டியது. 'கொ' என்பதை நாம் கையால் எழுதும்போது ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று எழுதுகிறோம் அல்லவா? எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் அந்த ஒகரக் குறிக்கென்று தனியாக ஒரே குறியீடு உண்டு. கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே 'கொ' தான் தெரியும். பட்டியலில் பாதி, பழைய எழுத்துருவிலிருந்து யாரோ மாற்றிக் கொடுத்தது; அதில் கொம்பும் காலும் தனித்தனியாகவே கிடந்தன. நான் விசைப்பலகையில் தட்டிய 'கொளத்தூர்' 9 குறியீடுகள், பட்டியலில் இருந்தது 10. கண்ணுக்கு ஒன்றாக இருப்பவை இயந்திரத்துக்கு வேறு வேறு சரங்கள். யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் வழியாக, தேடும் சொல்லையும் தேடப்படும் வரியையும் இரண்டையுமே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் காணாமல் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு ஒரு மணி நேரம் வீணாக்கியதையும் உன்னிடம் மறைப்பானேன்.

அதோடு விட்டதா என்றால், இல்லை. குறிப்புப் பத்தியில் 'கொளத்தூருக்குக் குடிபெயர்ந்தார்' என்றிருந்த வரிகள் அப்போதும் சிக்கவில்லை. புள்ளி தனிக் குறியீடு என்பதால், 'ர்' என்று முடியும் சொல்லை 'ரு' என்று தொடரும் சொல்லுக்குள் காண முடியாது. புள்ளியை எடுத்துவிட்டு 'கொளத்தூர' என்று தேடினேன். எல்லா வேற்றுமை உருபும் சேர்ந்து வந்து விழுந்தது. நல்ல உபாயம் என்று மகிழ்ந்து, மணலிக்காரர்களைப் பிடிக்க 'மண' என்று போட்டால் மண்ணடி முழுவதும் வந்து நிற்கிறது, ஏனென்றால் 'ண்' என்பதன் முதல் பாதி வெறும் 'ண' தான். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கலாமென, வடிவம் சொல்லித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பக்கம் போனால், பைத்தானின் ஆர்இ தொகுதி நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே எண்ணுவதில்லை. ஒவ்வொரு குறியிலும் சொல்லை வெட்டிவிடுகிறது. கடைசியில் பகுதிப் பெயர்களை முழுதாக எழுதி, இறுதிப் புள்ளியை மட்டும் நீக்கித் தேடுவதென்று முடிவு செய்தேன்.

உன் மகளிடம் 'கொளத்தூர்' எத்தனை எழுத்து என்று முதலில் காகிதத்தில் எண்ணச் சொல். 5 என்பாள். பிறகு சரத்தின் நீளத்தை எண்ணும் லென் போட்டுப் பார்க்கச் சொல். 9 என்று வந்ததும் அவள் உன்னிடம் என்ன கேட்டாள் என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்