மாவிலை மஞ்சள்

கிருஷ்ணகிரி

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலிதான், வேறு குறையில்லை. பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். அதைக் கொஞ்சம் ஓரமாக வை, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. முனுசாமி அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். இன்னும் உன்னை 'பியூரெட் பாப்பா' என்றுதான் விசாரிக்கிறார்.

மாங்காய் சீசன் முடிந்து கவாத்து செய்யும்போது சந்தூர்ப் பக்கம் வரப்பெல்லாம் இலை குவிந்து கிடக்குமே, அதில் பெங்களூரா ரக இலையாகப் பார்த்து எங்கள் எம்.எஸ்சி. பெண்கள் இரண்டு பேர் மூட்டை கட்டி வந்தார்கள். நிழலில் உலர்த்தி அரைத்து, கொழுப்பையும் பச்சையத்தில் ஒரு பகுதியையும் ஹெக்சேன் கரைப்பானில் கழுவி எடுத்துவிட்டு, தண்ணீர் கலந்த எத்தனாலில் சூடாக்கி வடித்தார்கள். சாற்றைச் சுண்டவைத்துக் குளிரவிட்டதும் குடுவையின் அடியில் வெளிர்மஞ்சளாகப் படிந்தது. திரும்பத் திரும்பப் படிகமாக்கிய பிறகு கலவையைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் ஒரே புள்ளி, வேறு கலப்பு தெரியவில்லை. உருகுநிலை 270 டிகிரியை ஒட்டி வந்தது.

மாவிலையில் இருக்கும் அந்த மஞ்சள் பொருள், மாங்கிஃபெரின்தான் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவர்களிடம் நான் பெயரைச் சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூலக்கூறின் ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆரில் 4.6 பிபிஎம்-இல் சர்க்கரையின் அடையாளம் தெரிந்தது. சரி, சர்க்கரை ஒட்டிய குளுக்கோசைடு, அமிலத்தில் போட்டால் சர்க்கரை கழன்றுவிடும் என்று மணிக்கணக்கில் கொதிக்கவைத்தார்கள். கழலவே இல்லை. மறுநாள் அவர்களில் பர்கூர்ப் பெண், கார்பன்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தை மேசையில் விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினாள். "மேடம், ஆக்சிஜன் வழியாக ஒட்டியிருந்தால் சர்க்கரையின் முதல் கார்பன் 100 பக்கம் தள்ளிப் போயிருக்கும், இந்தப் பக்கம் ஐந்துதான் இருக்கணும். இங்கே ஆறும் 60-க்கும் 82-க்கும் நடுவிலேயே இருக்கு. நேரடியாகக் கார்பனோடு கார்பன் சேர்ந்திருக்கு, அதனால்தான் கழலலை" என்றாள். எனக்கு அன்றைக்கு முழுவதும் கால் தரையில் பாவவில்லை. புதுப் பொருள் இல்லைதான், அதனால் என்ன? பெயர் தெரியாமலே கட்டமைப்பை எட்டிவிட்டாள்.

ஆனால் மல்லிகா, விஷயம் வெளியே கசிந்ததும் வேறொரு கூத்து ஆரம்பித்தது. 'சர்க்கரை நோய்க்குக் கிருஷ்ணகிரி மாவிலையில் மருந்து' என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கலாம் என்று மேலிடத்தில் ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மைதான். ஆனால் இது தண்ணீரில் லேசில் கரையாத பொருள், வாய்வழியாகக் கொடுத்தால் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது. எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எத்தனை நாளைக்கு என்று எதுவும் தெரியாமல் 'மருந்து' என்று எப்படிச் சொல்வது? செய்தி வந்த மறுநாளே நம் ஊர்க்காரர்கள் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குடித்தால்கூடப் பரவாயில்லை, மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். உன் பெரியப்பாவின் கால் என்ன ஆனது என்று நினைத்துப் பார். அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவள் நான், என் கையெழுத்தில் அப்படியொரு செய்தி போகாது. முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும்.

இப்போது உன் வேலை. படிகம் எடுத்தபின் மிஞ்சிய சாற்றைச் சிலிக்கா ஜெல்லில் ஓட்டியபோது சின்னதாக இன்னொரு பொருள் பிரிந்து வந்தது. மூலக்கூறு நிறையும் மாங்கிஃபெரினுடைய அதே 422. ஐசோமாங்கிஃபெரின் என்றுதான் நினைக்கிறேன், அதாவது சர்க்கரை இரண்டாம் கார்பனில் இல்லாமல் நான்காம் கார்பனில். நிறையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது, எந்த ஹைட்ரஜனுக்கு அருகில் எந்தக் கார்பன் என்று காட்டும் எச்எம்பிசி என்எம்ஆர் எடுத்தே ஆக வேண்டும். அதில் 13 பிபிஎம்-க்கு மேலே தெரியும் ஹைட்ராக்சில் ஹைட்ரஜன் இரண்டாம் கார்பனைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால் சர்க்கரை அங்கே இல்லை. இங்கே வெளியே அனுப்பினால் வரிசையில் காத்திருந்தே அவர்கள் படிப்பு முடிந்துவிடும். உன் லேபில் ஓர் இரவு இடம் கிடைக்காதா? சில மில்லிகிராம்தான் இருக்கிறது, டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரையும்.

குப்பியை நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். எந்தக் கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று காட்டும் எச்எஸ்கியூசியும் சேர்த்து எடுத்துவிடு. பீக் எல்லாம் குறித்து அனுப்பாதே, வெறும் ஸ்பெக்ட்ரம் போதும், அந்தப் பர்கூர்ப் பெண்தான் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். தீசிஸ் ஏப்ரலில் கொடுக்கணும்.

அன்புடன்,
செல்வி