தம்பி பெயருக்கு மாற்றினாலும் கணக்கு அண்ணனுக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்ற வழக்கில் தண்டனை பெற்றாலும், சொத்தை முன்கூட்டியே தம்பி பெயருக்கு எழுதிவிட்டால் கோர்ட் அதைத் தொடாது என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் வாழும் நம்மவர் சிலரிடம் இன்னும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் குற்ற வருமானச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது.

குற்றத்தையே பிழைப்பாகக் கொண்டவர் என்று கோர்ட் முடிவு செய்தால், வழக்கு தொடங்குவதற்கு முந்தைய 6 ஆண்டுகளில் அவர் கொடுத்த அன்பளிப்பு எல்லாம், அவர் கட்ட வேண்டிய பறிமுதல் தொகையைக் கணக்கிடும்போது அவருடைய சொத்தாகவே சேரும். நேர்மையான சம்பளத்திலிருந்து கொடுத்ததும் தப்பாது. மற்றவர்களுக்குக் குற்றம் நடந்த நாளிலிருந்து கணக்கு.

மதிப்புப் போடும் முறையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கொடுத்த நாளின் மதிப்பை இன்றைய பணமதிப்புக்கு உயர்த்திப் பார்ப்பார்கள். வாங்கியவரிடம் அந்தப் பொருளோ, அதை விற்று வாங்கிய வேறொன்றோ இருந்தால் அதன் இன்றைய விலையையும் பார்ப்பார்கள். இரண்டில் எது பெரியதோ அதுதான் நிற்கும். 30,000 பவுண்டுக்கு வாங்கிக் கொடுத்த புதுக் கார் இன்று 8,000-க்குப் போனாலும், கணக்கில் 30,000-க்கு மேல்தான் வரும்.

குறைந்த விலைக்கு விற்றதாகப் பத்திரம் போட்டாலும் இதே கதைதான். சந்தையில் 2,00,000 பவுண்ட் போகும் வீட்டைத் தம்பிக்கு 50,000-க்குக் கொடுத்தால், முக்கால் பங்கு அன்பளிப்பு. அந்த வீடு இன்று 3,20,000 என்றால் அண்ணன் கணக்கில் ஏறுவது 2,40,000. அன்று விட்டுக்கொடுத்த 1,50,000 மட்டும்தானே என்று வாதாடுவதில் பயனில்லை. பணவீக்கத்தோடு உயர்த்தியும் அது 2,40,000-ஐத் தாண்டினால்தான் அந்தத் தொகை நிற்கும்.

தம்பி பணத்தைச் செலவழித்துவிட்டான், திருப்பித் தர வழியில்லை என்பதும் எடுபடாது. 2016-இல் ஜான்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் பார்வையில் சட்டத்தின் மிகக் கடுமையான இடம் இதுதான். கட்டச் சொல்லிக் கோர்ட் ஆணையிடும் பறிமுதல் தொகை 10,000 பவுண்டுக்கு மேல் 5,00,000 வரை இருந்தால், கட்டத் தவறியவருக்கு 5 ஆண்டு வரை கூடுதல் சிறை. 10 லட்சத்தைத் தாண்டினால் 14 ஆண்டு வரை. சிறையை அனுபவித்தாலும் கடன் தீராது, வட்டியும் ஏறும்.

பெரும்பாலும் காலை வாருவது ஆவணம் இல்லாததுதான். சொத்து கைமாறிய நாளுக்கான மதிப்பீட்டாளர் அறிக்கை இருக்காது. கொடுத்தது அன்பளிப்பல்ல, பழைய கடனைத்தான் அடைத்தேன் என்பார்கள், வங்கிப் பதிவு இருக்காது. அரசுத் தரப்பு அறிக்கைக்கு எழுத்தில் பதில் தரும் கட்டத்திலேயே இவற்றை வைக்க வேண்டும். அங்கே மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

— வழக்கறிஞர், லண்டன்